குண்டு என்றால் எந்தக் குண்டு? போர்ச் செய்திகளில் ஆங்கிலச் சொல் பழகுவது

ஒரு படைப்பிரிவுக்கு 200 ‘கேஷுவல்டீஸ்’ என்று ஆங்கிலச் செய்தி சொல்கிறது. படித்தவர் அடுத்தவரிடம், “200 பேர் செத்துப்போனார்களாம்” என்கிறார். செய்தியில் அப்படி இல்லை. ராணுவக் கணக்கில் கேஷுவல்டி என்பது இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர், எதிரியிடம் பிடிபட்டவர் எல்லாரையும் சேர்த்த எண். பொதுமக்களைப் பற்றி எழுதும்போதும் காயம்பட்டவர்கள் அதில் சேர்த்தி. இறந்தவர்களை மட்டும் சொல்ல ஃபேட்டாலிட்டி, டெத் டோல், கில்ட் என்று தனிச் சொற்கள் உண்டு. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் கேஷுவல்டி என்றுதான் பெயர். அதற்குள் போகிறவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தச் சொல் மறுபடி ஏமாற்றாது.

போர்ச் செய்தியை வைத்து ஆங்கிலம் பழகுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். தெரியாத சொல் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதற்கு அகராதி இருக்கிறது. ‘தெரியும்’ என்று நினைக்கிற சொல்தான் கெடுக்கிறது. தமிழில் ஒரே சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள் நிற்கின்றன. அந்த நாலைந்தும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. சில சமயம் அவற்றின் இடைவெளியில் ஒரு அரசின் சட்டச் சிக்கலே ஒளிந்திருக்கும்.

அப்படியிருந்தும் போர்ச் செய்தியை ஏன் எடுக்க வேண்டும்? சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால். ஒரு சொல் மனதில் ஊன்ற, குறுகிய காலத்துக்குள் அது பல இடங்களில் எதிர்ப்பட வேண்டும். ஒரே மோதலைப் பற்றிய செய்திகளை இரண்டு வாரம் தொடர்ந்து படித்தால் ஊர்ப் பெயரும் தலைவர் பெயரும் பின்னணியும் மூன்றாம் நாளே பழகிவிடும். மிச்சக் கவனம் முழுவதும் சொல்லுக்குக் கிடைக்கும். மொழி கற்பித்தலில் இதற்கு ‘நேரோ ரீடிங்’ என்று பெயர். மொழியியலாளர் ஸ்டீஃபன் க்ராஷன் 1981இலேயே இதற்காக வாதாடினார். தினம் ஒரு தலைப்பாகத் தாவிப் படிப்பதைவிட, ஒரு தலைப்பில் ஊறிப் படிப்பது தொடக்க, இடைநிலைக்காரர்களுக்கு நல்லது என்பது அவர் கட்சி.

ஒரு எச்சரிக்கை. சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, செய்தித்தாளைத் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நூற்றுக்கு 98 சொல் பிடிபடும். நூற்றுக்கு இரண்டு தெரியவில்லை என்றால் 500 சொல் செய்தியில் பத்து. அந்தப் பத்தை ஊகித்துவிடலாம். நாற்பது ஐம்பது தெரியவில்லை என்றால் அது அகராதி புரட்டும் வேலை, படிப்பில்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் நேரே செய்தி நிறுவனங்களின் செய்திக்குப் போகாமல், எளிய ஆங்கிலச் செய்திகளில் தொடங்கலாம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் ஆரம்பித்த ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ சுமார் 1,500 அடிப்படைச் சொற்களுக்குள், மெதுவான வேகத்தில் செய்தி சொன்னது. அந்தப் பாணியில் வந்த பழைய செய்திகள் பயிற்சிக்கு இன்றும் உதவும்.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொல்

‘குண்டு’ என்பதையே எடுத்துக்கொள்வோம். குண்டு பாய்ந்தது, குண்டு வெடித்தது, குண்டு வீசினார்கள், குண்டு விழுந்தது. தமிழில் வினைச்சொல் காப்பாற்றிவிடுகிறது. எந்தக் குண்டு என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லே மாற வேண்டும். துப்பாக்கியிலிருந்து பாய்வது புல்லட். சுடுவதற்கு ஒரு தடவைக்கு வேண்டிய முழுத் தோட்டாவும் ஒரு ரவுண்ட். விமானத்திலிருந்து போடுவதும், எங்காவது மறைத்து வைப்பதும் பாம். பீரங்கி எறிவது ஷெல். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘எறிகணை’ என்று அழகாகச் சொல்வார்கள். கையால் எறிவது க்ரெனேட். மண்ணில் புதைப்பது மைன். புல்லட் வெடித்தது என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கிறவர் விழிப்பார்.

‘ஏவுகணை’யிலும் இதே கதை. ராக்கெட் என்றால் பொதுவாக ஏவிவிட்டதோடு சரி, பிறகு திசை திருப்ப முடியாது. மிசைல் என்றால் வழிநடத்தும் கருவி உள்ளே உண்டு. மிசைலிலும் பாலிஸ்டிக் என்பது தொடக்கத்தில் மட்டும் எஞ்சின் தள்ளி, பிறகு எறிந்த கல்லைப்போல வளைந்து விழுவது; க்ரூஸ் என்பது குட்டி விமானம் மாதிரி, கடைசிவரை எஞ்சின் ஓட, தாழப் பறந்து வருவது. இவ்வளவு தெரிந்தால் போதும். மாடல் எண்களை மனப்பாடம் செய்வது வீண். அடுத்த மோதலில் வேறு எண்கள் வரும்.

‘ராணுவம்’ இன்னொரு பொறி. நமக்குத் தரைப்படையும் ராணுவம்தான், மூன்று படையும் சேர்ந்ததும் ராணுவம்தான். ஆங்கிலத்தில் ஆர்மி என்பது தரைப்படை மட்டும். மூன்றையும் சேர்த்துச் சொல்ல மிலிட்டரி, ஆர்ம்ட் ஃபோர்ஸஸ். போர்க்கப்பல் தாக்கியதை ஆர்மி தாக்கியது என்று எழுதக்கூடாது. ‘ட்ரூப்ஸ்’ அதைவிட வினோதம்: 5,000 ட்ரூப்ஸ் என்றால் 5,000 வீரர்கள், ஆனால் ஒரு ட்ரூப் என்றால் ஒரு வீரர் ஆகாது, சிறு படைக்குழு.

சரி, ‘தாக்குதல்’? அட்டாக் என்பது பொதுச் சொல், எங்கும் செல்லும். ஸ்ட்ரைக் என்பது குறிப்பிட்ட இலக்கின் மீது ஒரு அடி, பெரும்பாலும் வானிலிருந்தோ தொலைவிலிருந்தோ. ரெய்டு என்றால் திடீரென்று போய், வேலையை முடித்து, திரும்பிவிடுவது. அஸால்ட் என்றால் நெருங்கி மோதி ஒரு இடத்தைப் பிடிக்கப் பார்ப்பது. ஆஃபென்ஸிவ் என்பது திட்டமிட்டு, அகன்ற பரப்பில், நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நடப்பது. பதுங்கியிருந்து பாய்வது ஆம்புஷ். எல்லை தாண்டிச் சற்றே உள்ளே போவது இன்கர்ஷன். பெரும்படையோடு உள்ளே புகுவது இன்வேஷன்.

கடைசி இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது அகராதி மட்டும் அல்ல. 1970 ஏப்ரல் 30 அன்று, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்த அதிபர் நிக்சன், இது இன்வேஷன் இல்லை என்று அந்த உரையிலேயே சொன்னார். அந்த நடவடிக்கைக்கு ‘இன்கர்ஷன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1962இல் கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்திய கென்னடி, அதை ‘ப்ளாக்கேட்’ என்று சொல்லாமல் ‘க்வாரன்டீன்’ என்றார். ப்ளாக்கேட் என்பது சர்வதேசச் சட்டத்தில் போர் நடவடிக்கையாக எண்ணப்படும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியபோது வைத்த பெயர் ‘ஸ்பெஷல் மிலிட்டரி ஆபரேஷன்’. அதைப் போர் என்று சொன்னதற்காக ரஷ்யாவில் தண்டிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எனவே நோட்டுப் புத்தகத்தில் பொருள் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், ‘இது யார் வாய்ச் சொல்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். நியூட்ரலைஸ் (கொல்வது அல்லது செயலிழக்கச் செய்வது), கொலாட்டரல் டேமேஜ் (இலக்கு அல்லாதவர்களுக்கு நேரும் சேதம்), சர்ஜிக்கல் ஸ்ட்ரைக் (குறிபார்த்த துல்லியத் தாக்குதல்) போன்றவை எல்லாம் அந்தக் கட்டத்தில் ‘தாக்கியவர்’ என்ற பெயரோடு உட்கார வேண்டியவை. அவற்றை நடுநிலைச் சொல்லாகக் கற்றுக்கொண்டால், நம்மை அறியாமல் ஒரு தரப்பின் அறிக்கையை நம் வாயால் வாசித்துக்கொண்டிருப்போம்.

ஆயுதம் ஏந்தியவரைக் குறிக்கும் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். கன்மேன் என்பது கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது: கையில் துப்பாக்கி இருந்தது. கெரில்லா என்பது சண்டை போடும் முறையைச் சொல்கிறது. ஸ்பானிஷ் மொழியில் ‘சிறு போர்’ என்று பொருள், நெப்போலியன் படைகளை ஸ்பெயினில் எதிர்த்த காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. மெர்சினரி பணத்துக்காகப் போரிடுபவர். இன்ஸர்ஜன்ட் ஆட்சிக்கு எதிராக எழுந்தவர். டெரரிஸ்ட் என்பதில் தீர்ப்பும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் ராய்ட்டர்ஸும் பிபிசியும் அதைத் தம் குரலில் சொல்லாமல், சொன்னவர் பெயரோடு சேர்த்தே எழுதும் வழக்கம் வைத்திருக்கின்றன.

போர்நிறுத்தம்: ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தல்

தமிழ்ச் செய்தியில் ‘போர்நிறுத்தம்’ என்று வந்தால் ஆங்கிலச் செய்தியில் ஐந்தில் ஒன்று இருக்கலாம்.

சீஸ்ஃபயர்: சுடுவதை நிறுத்துவது. ஒரு ஊருக்கு மட்டும், ஒரு தரப்பு மட்டும்கூட அறிவிக்கலாம். ட்ரூஸ்: இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தற்காலிக ஓய்வு. பழைய சொல், கொஞ்சம் மனித வாடை உள்ள சொல். 1914 கிறிஸ்துமஸின்போது மேற்குப் போர்முனையின் சில பகுதிகளில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் மேலிட உத்தரவில்லாமல் பதுங்குகுழியைவிட்டு வெளியே வந்து கைகுலுக்கிக்கொண்டதை ட்ரூஸ் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆர்மிஸ்டிஸ்: கையெழுத்தான ஆவணம். சண்டை நிற்கும், ஆனால் சட்டப்படி போர் முடிந்ததாகாது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது இதுதான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. பீஸ் ட்ரீட்டி: கணக்கை முடிக்கும் ஒப்பந்தம். முதல் உலகப் போரில் ஆர்மிஸ்டிஸ் 1918 நவம்பர் 11; வெர்சாய் ட்ரீட்டி 1919 ஜூன் 28. நடுவில் ஏழரை மாதம்.

ஐந்தாவது, ‘பாஸ்’. இடைநிறுத்தம். 2023 நவம்பர் 15 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை காசா பற்றி நிறைவேற்றிய 2712ஆம் தீர்மானம் கேட்டது ஹ்யூமானிட்டேரியன் பாஸ்களைத்தான், சீஸ்ஃபயரை அல்ல. பாஸ் என்றால் நிவாரணம் போய்ச் சேரும்வரை. அதன் பிறகு சண்டை தொடரும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் இரண்டையும் ‘போர்நிறுத்தம்’ என்று போட்டால் அந்த நாட்களில் ராஜதந்திரிகள் எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பதே புரியாது. சிரியாவில் 2016 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்ததை ‘செஸேஷன் ஆஃப் ஹாஸ்டிலிட்டீஸ்’ (சண்டைச் செயல்களை நிறுத்துதல்) என்று வேறு பெயரால் அழைத்தார்கள்.

பெயர்ச்சொல்லோடு நிற்காமல், அதோடு கைகோத்து வரும் வினைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாடு நடுவில் நின்று சீஸ்ஃபயரை ‘ப்ரோக்கர்’ செய்கிறது. குறித்த நேரத்தில் அது ‘டேக்ஸ் எஃபெக்ட்’. மீறாமல் இருந்தால் ‘ஹோல்ட்ஸ்’. மீறினால் ‘வயலேட்’ அல்லது ‘ப்ரீச்’. அடியோடு போனால் ‘கொலாப்ஸ்’. நாள் முடிந்தால் ‘எக்ஸ்பயர்’, நீட்டினால் ‘எக்ஸ்டெண்ட்’. எப்போது வேண்டுமானாலும் உடையும் நிலையில் இருந்தால் ‘ஃப்ரஜைல்’ அல்லது ‘ஷேக்கி’. இந்தச் சொற்கள் போரோடு முடிந்துபோகிறவை இல்லை. ஒப்பந்தம், கடன், கூட்டணி, குத்தகை எல்லாவற்றுக்கும் நாளை உதவும். போர்ச் செய்தியின் உண்மையான லாபம் இந்த வினைகளில்தான் இருக்கிறது. ஆயுதப் பெயர்களில் இல்லை.

‘மீது’ செய்யும் குழப்பம்

தமிழில் ‘நகரத்தின் மீது தாக்குதல் நடத்தினர்’. இந்த ‘மீது’ அப்படியே ஆங்கிலத்துக்குள் ஏறி, ‘அட்டாக்ட் ஆன் தி சிட்டி’ என்று விழுகிறது. தவறு. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘அன் அட்டாக் ஆன் தி சிட்டி’. வினையாக வரும்போது ‘தே அட்டாக்ட் தி சிட்டி’, நடுவில் எதுவும் வராது. இன்வேட் என்ற வினைக்கும் அப்படியே: ‘இன்டு’ சேர்க்கக் கூடாது. பெயராக வந்தால் ‘இன்வேஷன் ஆஃப்’. பதிலடி ‘ரிடாலியேட் அகென்ஸ்ட்’, பின்வாங்கல் ‘வித்ட்ரா ஃப்ரம்’, தடை விதிப்பது ‘இம்போஸ் சாங்க்ஷன்ஸ் ஆன்’.

‘ஷூட்’டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஷாட் ஹிம்’ என்றால் பட்டது. ‘ஷாட் அட் ஹிம்’ என்றால் குறிவைத்துச் சுட்டார்கள், பட்டதா என்பது வேறு விஷயம். ‘ஷாட் டவுன்’ என்றால் பறந்ததைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒரு சின்னச் சொல்லில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது மாறிவிடுகிறது.

இன்னொரு பிழை: ‘எஸ்’ சேர்த்துப் பன்மையாக்குவது. ஏர்க்ராஃப்ட் ஒன்றானாலும் பத்தானாலும் ஏர்க்ராஃப்ட். அம்யூனிஷன், ஆர்ட்டிலரி, எக்விப்மென்ட் எண்ண முடியாத பெயர்களாகவே வரும். ஆனால் ம்யூனிஷன்ஸ் பெரும்பாலும் பன்மையில் வாழ்கிறது. விதி தேடாதீர்கள், செய்தியில் வந்த துண்டை அப்படியே எழுதி வையுங்கள்.

சாங்க்ஷன் தனிக் கதை. ‘கடன் சாங்க்ஷன் ஆச்சு’ என்று நாம் சொல்லும்போது அது அனுமதி. செய்தியில் ஒரு நாட்டின் மீது சாங்க்ஷன்ஸ் என்றால் தண்டனைத் தடை. ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள். வினையாக வந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம், சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்லும்.

தலைப்புக்குத் தனி இலக்கணம்

ஆங்கிலச் செய்தித் தலைப்பு சாதாரண வாக்கியம் போல இயங்காது. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதும்: ‘மிசைல் ஹிட்ஸ் போர்ட்’. நாளை நடக்கப்போவதை ‘டு’ வைத்து எழுதும்: ‘லீடர்ஸ் டு மீட்’. செயப்பாட்டு வினையில் துணைவினை பறந்துவிடும்: ‘ஃபைவ் கில்ட் இன் ஸ்ட்ரைக்’. ‘அண்ட்’ இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி. ஏ, ஆன், தி எல்லாம் காணாமல் போகும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு சொல் வந்தால், ‘இது நாங்கள் சொல்வதில்லை, வேறொருவர் சொன்னது’ என்று பொருள்.

இடம் சிறியது என்பதால் குட்டிச் சொற்களுக்குத் தலைப்பில் மவுசு: வௌ (சூளுரைப்பது), ஸ்லாம் (சாடுவது), மல் (யோசிப்பது), கர்ப் (கட்டுப்படுத்துவது), பேக்ட் (ஒப்பந்தம்), டோல் (பலி எண்ணிக்கை), ரௌ (சர்ச்சை), ப்ரோப் (விசாரணை). இவற்றைக் கண்டால் புரிந்துகொள்ள வேண்டும். நாமாக எழுதும்போது பெரும்பாலும் தவிர்க்க வேண்டும். மேலாளரின் கருத்தை ஏற்கவில்லை என்பதற்கு ‘ஐ ஸ்லாம் யுவர் ப்ரொபோசல்’ என்று மின்னஞ்சல் எழுதினால் வேலைக்கு ஆபத்து.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் தீவுகளுக்காக மோதிய 1982 ஃபாக்லாந்து போரை ஒட்டி மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு தலைப்பு உண்டு: ‘பிரிட்டிஷ் லெஃப்ட் வாஃபிள்ஸ் ஆன் ஃபாக்லாண்ட்ஸ்’. ‘லெஃப்ட்’ என்பது இடதுசாரிகள், ‘வாஃபிள்ஸ்’ என்பது வினை என்று எடுத்தால்: பிரிட்டிஷ் இடதுசாரிகள் ஃபாக்லாந்து விஷயத்தில் வழவழவென்று பேசுகிறார்கள். ‘லெஃப்ட்’ என்பதை ‘விட்டுச் சென்றனர்’ என்றும் ‘வாஃபிள்ஸ்’ என்பதைத் தின்பண்டம் என்றும் எடுத்தால்: பிரிட்டிஷார் தீவில் வாஃபிள்களை விட்டுவிட்டுப் போனார்கள். தலைப்பு குழப்பினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் வினைச்சொல் எது? அது பிடிபட்டால் மற்றவை தாமாக வரிசையில் நிற்கும்.

யார் சொன்னது, எவ்வளவு உறுதி

தமிழில் ஒரு அருமையான ஒட்டு இருக்கிறது: ‘ஆம்’. ‘தாக்கினார்களாம்’ என்றால் கேள்விப்பட்டது, நான் பார்க்கவில்லை. ஆங்கில வினைக்கு இந்த வசதி இல்லை. அதனால் தனிச் சொற்களை வைத்து அந்த வேலையைச் செய்கிறது. ‘ரிப்போர்ட்டட்லி’ கிட்டத்தட்ட நம் ‘ஆம்’. ‘அலெஜ்’ என்றால் குற்றச்சாட்டு, நிரூபணம் இல்லை. ‘க்ளெய்ம்’ என்றால் அவர் சொல்கிறார், எங்களுக்குச் சந்தேகம். ‘கன்ஃபர்ம்’ என்றால் எழுதுபவரும் ஏற்கிறார். ‘அட்மிட்’ என்றால் ஒத்துக்கொள்ளப் பிடிக்காததை ஒத்துக்கொண்டார். ‘அக்னாலெட்ஜ்’ அதையே கொஞ்சம் மரியாதையோடு சொல்கிறது. ‘செட்’, அதாவது வெறும் ‘சொன்னார்’, எந்தப் பக்கமும் சாயாது. தமிழாக்கத்தில் இவை அத்தனையும் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்று தட்டையாகிவிடுவதால், ஆங்கிலத்தில் படிக்கும்போதும் தட்டையாகவே படித்துப் பழகிவிட்டோம்.

எண்களுக்கும் இதே போலக் காவலாள் சொற்கள் உண்டு. ‘அட் லீஸ்ட் 12’ என்றால் இன்னும் கூடலாம். ‘அப் டு 12’ என்றால் அதுதான் உச்சம், குறைவாகவும் இருக்கலாம். இரண்டையும் ‘12 பேர்’ என்று படித்துவிட்டுப் போவது பெரும்பிழை.

பிறகு, செய்தவர் யார் என்பது. ‘கிராமம் தாக்கப்பட்டது’, ‘12 பேர் இறந்தனர்’, ‘வன்முறை வெடித்தது’: மூன்றிலும் செய்தவர் இல்லை. ஆங்கிலத்தில் எரப்ட், ப்ரேக் அவுட், ஃப்ளேர் அப் போன்ற வினைகள் சண்டையை மழை மாதிரி தானாக வந்ததாகக் காட்டும். யார் செய்தது என்று இன்னும் தெரியாததால் அப்படி எழுதியிருக்கலாம், தெரிந்தும் விட்டிருக்கலாம். பயிற்சி எளிது: ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு நிறுவனங்களின் செய்தியை எடுத்து, செய்தவர் பெயருக்கு ஒரு கோடு, வினைக்கு இரட்டைக் கோடு போடுங்கள். ஒன்றில் ‘கில்ட்’ (கொல்லப்பட்டனர்) என்றும் இன்னொன்றில் ‘டைட்’ (இறந்தனர்) என்றும் இருந்தால், அன்றைய பாடம் கிடைத்துவிட்டது.

காதில் விழுவது

கண்ணால் மட்டும் கற்றவர்கள் செய்தி கேட்கும்போது திணறுகிறார்கள். கோர் என்று கேட்கும் படைப்பிரிவின் எழுத்தில் கடைசியில் பி, எஸ் இரண்டும் ஊமை. அதோடு ஒரு ‘ஈ’ சேர்ந்தால் அது கார்ப்ஸ், பிணம். இடிபாட்டைக் குறிக்கும் டெப்ரி, ஆட்சிக் கவிழ்ப்பைக் குறிக்கும் கூ, இரண்டிலும் கடைசி எழுத்து ஒலிக்காது. கர்னலின் எழுத்தில் நடுவில் ‘ஆர்’ கிடையவே கிடையாது. லெஃப்டெனன்ட் என்று பிரிட்டிஷார் சொல்வதை அமெரிக்கர் லூட்டெனன்ட் என்பார்கள். மிசைல் அங்கே மிஸ்ஸில் ஆகிவிடும். கேஷுவல்டியை ‘கேஷுவாலிட்டி’ என்று ஓரசை கூட்டிச் சொல்வதும் எழுதுவதும் பரவலான பிழை.

இவற்றையெல்லாம்விடக் கடினம் ஒன்று: சீஸ், சீஸ். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று நிறுத்துவது, ‘சி’யில் தொடங்குவது, மற்றது கைப்பற்றுவது, ‘எஸ்’ஸில் தொடங்கி நடுவில் ‘இசட்’ வருவது. முன்னதன் கடைசி ஒலி பாம்பு சீறுவது போலக் காற்று மட்டும். பின்னதில் தேனீ ரீங்காரம் போலத் தொண்டை அதிரும், உயிரொலியும் சற்று நீளும். தமிழில் இந்த இரண்டாவது ஒலி இல்லாததால் நம் காது அதைப் பிரிப்பதில்லை. தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அதிர்வு விரலில் தெரியும். படைகள் ஒரு நகரத்தில் நடவடிக்கையை நிறுத்தினவா, நகரத்தைப் பிடித்தனவா என்பது அந்த அதிர்வில் இருக்கிறது.

தினம் 25 நிமிடம்

முதல் 5 நிமிடம், நிகழ்வைத் தமிழில் படியுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் ஆங்கிலச் செய்தியில் ஊகம் சரியாக விழும். அடுத்த 10 நிமிடம், செய்தி நிறுவனங்களான ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி எழுதிய 300 முதல் 500 சொல் உள்ள செய்தி ஒன்று. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நேரலைப் பதிவுகள் வேண்டாம்; துண்டு துண்டாக இருப்பதால் சொல் திரும்ப வராது. கருத்துக் கட்டுரைகளும் இப்போதைக்கு வேண்டாம். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாமல், தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு மட்டும்.

செய்தியின் கடைசி மூன்று நான்கு பத்திகளை விட்டுவிடாதீர்கள். மோதல் எப்போது தொடங்கியது, எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள் என்ற பின்னணி அங்கேதான் இருக்கும். நிறுவனங்கள் அந்தப் பத்திகளைக் கிட்டத்தட்ட அதே சொற்களில் நாள்தோறும் ஒட்டுகின்றன. பத்திரிகையாளருக்கு அது சோம்பல். கற்பவருக்கு இலவச மறுவாசிப்பு.

அடுத்த 5 நிமிடம், அடிக்கோடிட்டவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதே செய்தியில் இரண்டு தடவை வந்த சொல், போருக்கு வெளியிலும் உதவும் சொல், வினைச்சொல்: இந்த மூன்று தகுதியில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஹௌவிட்ஸர் (ஒரு வகைப் பீரங்கி) தேறாது, வித்ட்ரா தேறும். எஸ்கலேட் தேறும், அலுவலகத்தில் புகாரை மேலிடத்துக்குக் கொண்டுபோவதும் அதே சொல். அட்ரிஷன் தேறும்: போரில் எதிரியைத் தேய்த்துத் தேய்த்து ஓயவைப்பது, நிறுவனத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோவது. டெட்லைன்கூட அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறை முகாமில் போட்ட கோடுதான். தாண்டிய கைதியைச் சுடுவார்கள்.

கடைசி 5 நிமிடம் அட்டை எழுத: சொல்லை நினைவில் வைக்க இரு பக்கமும் எழுதும் சிறு அட்டை. முன்பக்கம் தமிழ்ப் பொருளை எழுதுவது வழக்கம், அதை விட்டுவிடுங்கள். ‘தாக்குதல்’ என்று எழுதி வைத்தால் பின்பக்கம் ஆறு சொற்களில் எது என்று உங்களுக்கே தெரியாது. செய்தியில் வந்த வாக்கியத்தையே எழுதி, சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, முதல் எழுத்தை மட்டும் போடுங்கள். பின்பக்கம் மூன்று: சொல், அதோடு வரும் இடைச்சொல், அதன் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று. ரெய்டு என்றால் பக்கத்தில் அஸால்ட். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 21ஆம் நாள் எடுத்துப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்கு.

வாரம் ஒருமுறை அந்த வார நிகழ்வுகளை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள், தலைப்பு மொழியில் அல்ல, முழு வாக்கியத்தில், ஏ, தி எல்லாம் போட்டு. ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் சொன்னது என்பது இருக்க வேண்டும். எழுதியதைச் செய்தியோடு ஒப்பிட்டால் ‘அட்டாக்ட் ஆன்’ வகைப் பிழைகள் தாமாக வெளியே வரும்.

காணொளியும் படங்களும் இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துப் படிப்பது நல்லது. கோரத்தைப் பார்த்த பிறகு சொல்லில் மனம் நிற்காது. தூங்கப்போகும் முன் இந்தப் பயிற்சி வேண்டாம்.

நீங்கள் பின்தொடரும் மோதலில் பேச்சுவார்த்தை தொடங்கினால் சொற்களும் மாறும்: ஸ்டேல்மேட் (யாரும் முன்னேறாத நிலை), மீடியேட்டர் (நடுவர்), கன்செஷன் (விட்டுக்கொடுப்பு), டெட்லாக் (முட்டுக்கட்டை). அந்தக் கட்டத்தையும் ஒரு வாரம் விடாமல் படித்துவிட்டு, வேறொரு கண்டத்தின் மோதலுக்கு மாறுங்கள். முதல் இரண்டு நாள் ஊர்ப் பெயர்கள் மட்டும் புதிதாக இருக்கும்.